லோஷினி போட்ட வெயில் எண்ணெய்

செனாய் ஊர்த் தொழிற்சாலையில் சந்திரமதிக்கு நின்றுகொண்டே பார்க்கும் வேலை. வாரம் முழுக்கக் கால் கடுக்க நின்றாலும், ஞாயிறு விடிந்தால் சைக்கிளை எடுத்துவிடுவாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பிடித்த பைத்தியம் அது! கூட ஓட்ட வருபவள், பக்கத்தில் நின்று வேலை செய்யும் லோஷினி. செயின், கியர் விஷயத்தில் லோஷினி சொன்னால் சந்திரமதிக்கு மறுபேச்சே கிடையாது.

அவர்கள் சேர்ந்திருந்த சைக்கிள் கிளப்பின் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. செனாயிலிருந்து ரெங்கம் ஊர் வரை ஓட்டி, முந்தி வருபவளுக்கு அந்த இடம். இருவருமே பெயர் கொடுத்தார்கள்.

போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. சந்திரமதி சைக்கிளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். செயினில் பழைய எண்ணெய் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. சுண்டல் சாப்பிட வந்த லோஷினியின் பையில் இரண்டு செயின் எண்ணெய்க் குப்பிகள் இருந்தன. ஒன்று வெயிலுக்கு, மற்றது மழைக்கு.

“எத போடறதும்மா? நாளைக்கு மழ வந்துட்டா?”

“அலமாக், சும்மா பயப்படாதீங்கக்கா! மழ எண்ணெய் பிசுபிசுன்னு மண்ண இழுக்கும். வெயில் எண்ணெய் லேசு. சைக்கிள் பறக்கும் பாருங்க.”

“உன் சைக்கிளுக்கும் இதானா?”

“இதேதான் லா!”

தானே குனிந்து, செயினில் கண்ணி கண்ணியாகச் சொட்டு விட்டு, துடைத்தும் கொடுத்தாள்.

மறுநாள் சந்திரமதிதான் முன்னால் போனாள். பாதி வழியில் மழை கொட்டியது. லேசான எண்ணெய் மழையில் கழுவிப் போய், கொஞ்ச தூரத்திலேயே செயின் கிறீச்சிட ஆரம்பித்தது. மேட்டில் கியர் அடம்பிடித்து, கடைசியில் செயின் கழன்றே போனது. அவள் குந்தி மாட்டிக்கொண்டிருந்தபோது லோஷினி கடந்து போனாள். அவள் செயினில் சத்தமே இல்லை! திரும்பியும் பார்க்கவில்லை.

ரெங்கத்தில் எல்லோரும் லோஷினிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சந்திரமதி அவள் செயினை விரலால் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

“இதேதான்னு சொன்னியே.”

லோஷினி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. “உங்களுக்கும் மழ எண்ணெய போட்டிருந்தா நீங்கதானேக்கா ஜெயிச்சிருப்பீங்க?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

“சாமி கும்பிட்ட சைக்கிள்டி அது. என் வீட்டுல சாப்பிட்ட கையோட...”

சந்திரமதி தன் சைக்கிளைத் திருப்பினாள்.

“வீடு வரைக்கும் ஓட்டணுமேக்கா. இப்ப போட்டு விடறேன்.” லோஷினி மழைக்கான குப்பியை நீட்டினாள்.

“வேணாம்.”

மழை விட்ட சாலையில் சந்திரமதி ஏறி மிதித்தாள். செயின் கத்தியது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. இருவரும் செனாய்க்குத் திரும்ப வேண்டியது அதே பாதையில்தான். பின்னால் வந்த லோஷினி முந்திப் போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. அந்தச் சத்தத்தை வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.