கழுவிக் கொடுத்த தகரம்

நீர்வேலியில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையைக் குப்பை ஏற்றும் மாட்டு வண்டில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் சைக்கிளை விட்டு இறங்குகிறேன். வீட்டுக்காரரே குப்பையைப் பிரித்து வாசல் படலையடியில் வைக்கும் ஏற்பாட்டை ஊர்ச் சங்கம் இந்த மாதம்தான் தொடங்கியிருக்கிறது. சருகும் மரக்கறித் தோலும் கடகத்தில். அவை வாழைக்குப் பசளையாகும். போத்தலையும் தகரத்தையும் கழுவிச் சாக்கில் போட வேண்டும்.

வண்டில்காரர் ஒரு சாக்கைத் தூக்குகிறார். பாரம் கூடுதலாக இருக்கவே, இறக்கி வாயை விரித்துப் பார்க்கிறார். பால்மாப் பேணிகளுக்கு நடுவில் வெடிக்காத ஷெல் ஒன்று பளபளக்கிறது.

“தங்கச்சி, இது எங்கை கிடந்தது?” என்கிறார்.

“கிணத்தடியிலை, அண்ணை,” என்கிறாள் படலைக்குள் நிற்கும் பெண். “வெடிச்ச மிச்சமெண்டு நினைச்சன். மண்ணோடை தந்தால் எடுக்கமாட்டியளெண்டு தேங்காய்ப் பொச்சாலை உரஞ்சிக் கழுவினனான்.”

“பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போங்கோ. ஓடாதேங்கோ.”

அவள் போகிறாள். நான் சைக்கிளைப் பின்னுக்கு உருட்டுகிறேன். அதன் சங்கிலிச் சத்தமே எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டில்காரர் அசையவில்லை. வண்டிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். காலையிலிருந்து வாங்கிய சாக்குகள் அதில் குவிந்து கிடக்கின்றன.

“உதுகள் எல்லாத்தையும் நான் எறிஞ்செல்லோ ஏத்தினனான்,” என்கிறார்.

மாடு முதுகில் மொய்த்த ஓர் இலையானுக்காக உடம்பை உதறுகிறது. சாக்குகளுக்குள் தகரம் கிலுங்குகிறது.