கீழ்த் தாழ்வாரத்தில் நடந்தால்தான் நடை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'நடையக்கா' என்றுதான் கூப்பிடுவோம். நுரையீரல் இறுகிப்போனவர்களை நடக்கவிட்டு, குறித்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பது அவர் வேலை. கேலி பேசிப் பேசியே அழுமூஞ்சிகளையும் எழுப்பி நடத்திவிடுவார்.

அந்த நோய்க்குப் புது மருந்து ஒன்று சோதனைக்கு வந்தது. நோயாளிகளோ கொஞ்சம் பேர். அதில் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லோருக்கும் மருந்தையே கொடுத்து, முன்பு வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் நடையோடு ஒப்பிடலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பழைய நடையெல்லாம் அக்கா அளந்தவை. கணக்குப் போட்டது நான். மருந்து அமோகமாக ஜெயித்துக்கொண்டிருந்தது.

மருந்து சாப்பிட்டவர்களில் அக்காவின் தம்பியும் ஒருவர். காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும் ஏலக்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்?

இந்த நேரம் பார்த்து அக்கா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பழைய ஆளுங்களை நான் கீழ்த் தாழ்வாரத்துல நடக்க வச்சேன். ஸ்ட்ரெச்சர் வரும், சாப்பாட்டு வண்டி வரும், ஒதுங்கி ஒதுங்கித்தான் போகணும். இவங்க நடக்கறது புதுக் கட்டடத்து ஹால்ல. ஈ காக்கா கிடையாது. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?"

பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டு, "எல்லாரையும் கீழ கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். போட்ட கணக்கெல்லாம் குப்பைக்குப் போகிறதே என்று எனக்குத்தான் எரிச்சல்.

தம்பிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தோத்துட்டா... மருந்தையே நிறுத்திடுவாங்கக்கா. என் தலையில... மண்ணைப் போடறியே!"

"வேலை செய்யாத மருந்தை உனக்கு எப்படிடா கொடுக்கச் சொல்லுவேன்?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, அன்று மத்தியானம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மருந்தைத் தொடர்ந்தபடியே, வாரக்கணக்கில் ஒவ்வொருவராகக் கீழே வந்து நடந்தார்கள். கடைசியில் தம்பி. சொந்தத் தம்பியை அக்கா அளக்கக்கூடாது என்று கடிகாரத்தை ஒரு நர்ஸிடம் கொடுத்தோம். அக்கா சுவரோரம் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு ஸ்ட்ரெச்சரைத் தாண்டி, சாப்பாட்டு வண்டிக்காரரை முறைத்துக்கொண்டு, நடந்து முடித்தார்.

நான் கணக்கைப் போட்டுச் சொன்னேன்: "வித்தியாசம் பாதியா குறைஞ்சிடுச்சு. ஆனா மருந்து ஜெயிச்சிடுச்சு."

"பாதியா? எனக்குன்னு ஒரு அக்கா வாய்ச்சிருக்கா பாருங்க, கூடப் பொறந்தவனை ஸ்ட்ரெச்சருக்கு நடுவுல ஓடவிட்டு, சாப்பாட்டு வண்டியில முட்டவிட்டு, கிடைச்ச ஜெயிப்புல பாதியைப் பிடுங்கிட்டு, இப்ப ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கறா!"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மூச்சு வாங்க எங்கயும் நிக்கலடா நீ," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."