பி வட்டத்து டெல்மரின் பதினேழு குறிப்புகள்

டெல்மர் ஹட்சின்ஸ் பிறந்தது ஓஹையோவில். வாழத் தொடங்கியது அறுபதாவது வயதில், எங்கள் தேசியப் பூங்காவில், வளையப் பாதையைச் சுற்றிக் கூடாரங்கள் நிற்கும் பி வட்டத்து முகாமில். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். யாரும் தன் பேச்சைக் கேட்காத அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், யாரும் தன் பேச்சைக் கேட்காத இன்னொரு வேலையைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார்: கோடைக்கால முகாம் பொறுப்பாளர். பதிலுக்குப் பூங்கா ஒரு தொப்பியும், பேட்டரி வண்டியும், ஓடையைப் பார்த்த ஒன்றாம் எண் இடத்தையும் கொடுத்தது. அந்த இடத்துக்காக அவர் மனைவி லோர்னாவையே விட்டுக்கொடுப்பார் என்று லோர்னாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவரிடம் பதினேழு குறிப்புகள் இருந்தன. பள்ளத்தில் கூடாரம் அடிக்காதே, மழை வந்தால் படுக்கை படகாகிவிடும், இது இரண்டாவது. காய்ந்த கிளைக்கு அடியில் படுக்காதே, ஐந்தாவது. ஊரிலிருந்து விறகு கொண்டுவராதே, பூச்சிகளும் கூடவே சுற்றுலா வரும், எட்டாவது. எல்லாம் நல்ல குறிப்புகள்தான். என்ன, முதலாவதைக் கேட்டவருக்குப் பதினேழாவதுவரை விடுதலை கிடையாது. அதனால் அவர் வண்டியின் ஹார்ன் கேட்டாலே பி வட்டத்தில் அத்தனை கூடாரங்களும் ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு உள்ளேயிருந்து குறட்டை எழும். நானும் சுமாராகக் குறட்டை விடுவேன்.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ரேஞ்சர் பியாட்ரிஸ் வந்து நின்றார்.

"டெல்மர், கரடி வர்ற மாதிரி சாப்பாட்டை வெளிய வச்சதுக்குன்னு உங்க வட்டத்துலதான் நோட்டீஸ் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னும் ஒண்ணு எழுதுற மாதிரி ஆச்சுன்னா, அடுத்த வருஷம் ஒண்ணாம் நம்பர் இடம் சி வட்டத்து கோர்டிக்கு."

"கோர்டிக்கா? அவனுக்கு மொத்தமே ஆறு குறிப்புதான் தெரியும் மேடம்!"

"அதான் அவன் வட்டத்துல எல்லாரும் கேக்குறாங்க."

டெல்மர் தீர யோசித்தார். குற்றம் இருந்தால்தானே நோட்டீஸ்? குற்றத்தை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டால்? சனிக்கிழமை காலை முதல் மேசை மேசையாகப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் பறிமுதல் செய்தார். பாதி தின்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பை, வெயிலுக்குப் பூசும் களிம்பு, குழந்தை ஷாம்பு, பன்றிக்கறி வாசனையடிக்கும் நாய்ப் பொம்மை. நண்பகலுக்குள் வண்டிக் கூடை நிறைந்துவிட்டது.

பதினான்காம் எண் இடத்தில் வாண்டா ப்ரூயிட் என்ற பெண் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை முகாமுக்கு வந்தவள். குறட்டை விட வேண்டும் என்று பாவம் தெரியாது. டெல்மர் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பாய்ந்து வந்தார். பத்து குறிப்புகள் முடிந்தன.

"பதினொண்ணு. கரடிக்கு வாசனையடிக்கிறது எல்லாமே சாப்பாடு. எல்லாத்தையும் அந்த இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டணும்."

"பற்பசைகூடவா?"

"பற்பசைகூட. கரடி மூக்குக்கு முன்னாடி நம்ம மூக்கெல்லாம் சும்மா அலங்காரம்மா."

"அப்ப உங்க வண்டியில இருக்குறது?"

"அது பறிமுதல் பண்ணது."

"அது கரடிக்குத் தெரியுமா?"

"ஏன் கேக்குற?"

"டிரைவர் சீட்ல உக்காந்திருக்கு."

கரடி களிம்பு பூசிய மூக்கோடு, மடியில் மார்ஷ்மெல்லோ பையோடு, ரொம்ப நாள் அனுபவம் உள்ளதுபோல் உட்கார்ந்திருந்தது. அதன் முழங்கை ஹார்னில் பட்டது. உடனே பி வட்டம் முழுக்க ஜிப் ஜிப்பென்று கூடாரங்கள் மூடிக்கொண்டன. முப்பது குறட்டைகள் ஒருசேரக் கிளம்பின.

"கரடி வந்தா சத்தம் போடணும்னு ஒன்பதாவதுல சொன்னீங்களே, போடுங்க!" என்று கத்திய வாண்டா, முட்டையைக் கொட்டிவிட்டு வாணலியைக் கரண்டியால் அடித்தாள். கரடி நாய்ப் பொம்மையைக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்கிக் காட்டுக்குள் போனது.

"யாரும் பாக்கல. நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றாள் வாண்டா.

குறட்டையை நிறுத்தாமல் ஜிப் இடுக்கு வழியே பார்த்தவன் நான் ஒருவன்தான். டெல்மர் ஒன்றாம் எண் இடத்தை, அதன் பின்னால் ஓடும் ஓடையை, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். குற்றம் செய்தவர்: டெல்மர் ஹட்சின்ஸ். கண்டுபிடித்தவர்: டெல்மர் ஹட்சின்ஸ். குற்றவாளிக்கு நேரில் விளக்க வேண்டும் என்பது விதி. வண்டிக் கண்ணாடியின் முன் குனிந்து, பதினொன்றாவது குறிப்பை ஒரு சொல் விடாமல் தனக்குச் சொல்லிக்கொண்டார். நல்லவேளை, மீதி ஆறையும் சொல்லவில்லை.

இந்த ஜூலையில் தொப்பி, வண்டி, ஓடை மூன்றும் கோர்டிக்கு. குறிப்புகள் இப்போது ஏழு. ஏழாவது, பறிமுதல் பொருளை வண்டியில் வைக்காதே என்பது. டெல்மர் தம்பதி வாடகை கட்டி என் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தார்கள். காலையில் ஹார்ன் கேட்டது. நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்து பழைய பேருந்து மேடேறுவது போல ஒரு குறட்டை என் குறட்டையை அமுக்கிவிட்டது.

"போதும், எந்திரிங்க. அவன் போயிட்டான்," என்றது லோர்னாவின் குரல்.

"சும்மா இரு லோர்னா. திரும்பி வருவான். நானா இருந்தா வருவேன்."