நான்கு குரல்களில் ஒரு விடைபெறல்

அந்த அமெரிக்கக் கவிஞரின் கவிதையை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பக்கம் முழுவதும் ‘போகிறேன்’ என்று பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல். மேலே ஒன்று, ஓரத்தில் இரண்டு, கீழே ஒரு கூட்டமாகப் பல.

நான் கண்டி நகரத்தில் தனியார் வகுப்பொன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குவேன். பேராதனையில் விரிவுரையாளராக இருக்கும் என் தோழிதான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். “அமெரிக்காவுல இருந்து ஒரு கவிஞர் கம்பஸுக்கு வந்திருக்காங்க. இதை இங்க மேடையில தமிழ்ல வாசிக்கணும்னு ஆசைப்படுறாங்க. நீதான் செய்யணும்” என்றாள். ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதில் என்ன இருக்கிறது, பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு பேராதனைக்குப் புறப்பட்டேன்.

அவர் எழுபதைத் தாண்டியவர். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி, காலில் ரப்பர் செருப்பு. விருந்தினர் விடுதி வாசலில் நின்று என்னை வரவேற்க வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே சொல் நின்றுவிட்டது. அவருக்குத் திக்குவாய். மரியாதைக்காக நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கீழே பார்க்காதீர்கள். அ… அ… அதுதான் என் தொழில்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னார். எனக்கு நா எழவில்லை. ‘மிஸ்’ என்றே கூப்பிட்டேன், அவரும் பழகிக்கொண்டார்.

அடுத்த சில வாரங்களில், வகுப்பு முடிந்ததும் பேராதனைக்கு ஓடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர் கதையைக் கேட்கக் கேட்க ஆவல் கூடியது. சுற்றிலும் சோளக் காடு மட்டுமே இருக்கும் சிற்றூரில் பிறந்தவர். அப்பா ஆணியும் பூட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைத் தாண்ட முடியாது. வகுப்பே சிரிக்கும். ஒருநாள் வீட்டில் தனியாக இருக்கும்போது, வராத அந்த எழுத்தை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மேளம் மாதிரிக் கேட்டதாம். “அது எனக்கு வந்த வியாதி இல்லை, எனக்குக் கிடைத்த தாளம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்” என்றார்.

பெருநகருக்குப் போய்ப் பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சு செய்தார். மாலையில், சலவைக் கடை ஒன்றின் பின்னறையில் நண்பர்களைக் கூட்டி ஒரே நேரத்தில் பல குரல்கள் பேசும் கவிதைகளை வாசித்தார். கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் துணி உலரும்வரை உட்கார இடம் தேடியவர்கள். பதிப்பகங்கள் எல்லாம் திருப்பி அனுப்பின. தானே அச்சடித்து, தானே தைத்துப் புத்தகம் போட்டார். ஒரு பத்திரிகை, தட்டச்சுப் பொறியை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலிருக்கிறது என்று கேலி செய்தது. அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாராம்.

“கோபம் வரலையா மிஸ்?”

“இல்லையே. அதை எழுதியவர்தான் முதன்முதலில் கவிதையைச் சரியாகக் கேட்டவர்!”

இப்படியே அரை ஆயுள் போயிற்று. பிறகு எங்கோ சில இளம் இசைக்காரர்கள் அவருடைய பழைய ஒலிநாடாக்களைக் கண்டெடுத்து, தங்கள் பாட்டுகளில் சேர்த்தார்கள். பல்கலைக்கழகங்கள் அழைத்தன. தலை நரைத்தபின் ஒரு பெரிய பரிசும் வந்தது. பரிசைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவசரமாக வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்.

கவிதைக்கு வருகிறேன். அது அவருடைய அண்ணன் போருக்குப் போன நாளைப் பற்றியது. பஸ் நிலையத்தில் அண்ணன் ‘போகிறேன்’ என்றான். பதில் சொல்ல இவர் வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கையில் பஸ் புறப்பட்டுவிட்டது. அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை நான்கு குரல்கள், யார் எப்போது வேண்டுமானாலும், சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இனிச் சொல்ல வேண்டாம் என்று எல்லோருக்கும் தோன்றும்போது கவிதை முடிந்துவிடும். எழுதப்பட்ட முடிவு கிடையாது.

“தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

“அதுதான் மிஸ் சிக்கலே. நாங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டோம். போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவோம்.”

“போகும்போதா?”

“ஆமா. வெறுமனே போறேன்னா, திரும்பி வரமாட்டேன்னு ஆயிரும். வீட்டுல ஏசுவாங்க.”

அவர் எழுந்து சன்னலருகே போய் நின்றார். தப்பாக எதையோ சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு திரும்பினார்.

“ஆனால் அவன் வரவில்லையே.”

“சொல்றவங்க எல்லாரும் வர்றதில்ல மிஸ். ஆனாலும் சொல்லிட்டுத்தான் போறோம்.”

மறுநாள் நான் வகுப்பில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தால் திக்கலும் சிரிப்புமாக ஒரே ஆரவாரம். அமெரிக்காவில் அச்சாகப்போகும் தன் தொகுப்பில் அந்தக் கவிதையை மாற்றப்போகிறாராம். தமிழ் வரி அப்படியே ஆங்கிலப் பக்கத்துக்குள் நுழையப்போகிறதாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு அன்று இலக்கணம் நடத்தவேயில்லை. அந்தக் கவிதையைத்தான் சத்தம் போட்டு வாசிக்கவிட்டேன்.

குரல்கள் வேண்டுமே. நான் ஒன்று, அவர் ஒன்று. மூன்றாவது, பேராதனைப் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து வைத்தியர், என் தோழியின் கணவர். கேட்டவுடன் “ஓம், வாறன்” என்றார். நான்காவது ஆளை நான்தான் பிடித்தேன். திகனையில் துணிக்கடை வைத்திருக்கும் ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், எனக்கும் அவர் அப்படியே ஆகிவிட்டார். கடைக்குள் நுழைபவரை வாசலிலேயே நிறுத்திவிடும் குரல்.

“ஒரே பேச்ச திரும்பத் திரும்ப செல்றதுக்கு என்னத்துக்கு மேடை? நான் கடையில நாள் முழுக்க அதத்தானே செய்றேன்” என்றார்.

“அதான் ராத்தா உங்களக் கேக்குறேன்.”

அவர் கடையின் மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒத்திகை தொடங்கியது. முதல் சுற்றிலேயே கவிஞர் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் சொன்னது ‘போயிட்டு வர்றேங்க.’ வைத்தியர் சொன்னது ‘போட்டு வாறன்.’ ராத்தா சொன்னதோ ‘பெய்த்து வாரேன்.’

“மூன்றும் வேறு வேறு மொழியா?”

“இல்ல மிஸ், எல்லாமே தமிழ்தான்.”

அவர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினார். பிறகு தானும் தமிழில் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு முயன்றார். “போ… போ… போ…” அதற்குமேல் நகரவில்லை.

“என்ன இது, எங்கட கடையில நிண்டு எங்களயே தொரத்துறாங்க!” என்று ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கவிஞருக்குக் கண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. தமிழில் திக்கினால் விரட்டுவதாக அர்த்தமாகும் என்பது அவருக்குப் பெரும் கண்டுபிடிப்பு. அன்று முழுவதும் வைத்தியரைப் பார்த்து ‘போ போ’ என்றுகொண்டே இருந்தார்.

நிகழ்ச்சி கண்டி வாவிக்கு அருகில் ஒரு மண்டபத்தில், மாலை வேளையில் நடந்தது. மழை வேறு. யார் வரப்போகிறார்கள் என்றிருந்தேன். மாணவர்கள் வந்தார்கள், ராத்தாவின் உறவினர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், என் பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசியில் சுவரோரம் நிற்கவும் இடமில்லை.

தொடங்கினோம். முதலில் சபையில் சிரிப்பு. பின்னர் இருமல். அப்புறம் மெல்ல மெல்ல அமைதி. வைத்தியரின் குரல் தாழ்ந்து போக, ராத்தா மேலேறினார். நான் இடையில் நுழைந்தேன். கவிஞர் கண்ணை மூடிக்கொண்டு தன் ‘போ… போ…’வை மேளம்போல் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நடுவரிசையில் ஒரு பெரியவர் குடையோடு எழுந்தார். கலகெதர பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்போல. இருந்தவர்களின் காலைத் தாண்டித் தாண்டி வரிசைக்கு வெளியே வந்தார். மேடையில் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் போவது அவருக்குச் சரியாகப்படவில்லை. மேடையைப் பார்த்துக் கைகூப்பி, “போயிட்டு வர்றேங்க” என்றார்.

நிஜமாகவேதான் சொன்னார்!

ஒரு கணம் மண்டபமே திகைத்தது. பிறகு என் அம்மாவின் குரல் பழக்கதோஷத்தில் கேட்டது: “சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க.” சிரிப்பு வெடித்தது. ராத்தாவின் தங்கை சபையிலிருந்து ‘பெய்த்து வாரேன்’ என்றார். மாணவர்கள் தொடர்ந்தார்கள். வாசலில் நின்ற சிங்களக் காவலாளி சிரித்துக்கொண்டே ‘கிஹின் என்னம்’ என்று தன் மொழியில் குரல் கொடுத்தார். சிங்களத்திலும் போய்வருகிறேன் என்றே சொல்வார்கள். அதன்பிறகு எது மேடை, எது சபை என்று சொல்ல முடியவில்லை. வைத்தியர், அவ்வளவு அடக்கமான மனிதர், இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்.

கவிஞர் கண்ணைத் திறந்து அத்தனை பேரையும் பார்த்தார். “போ… போயிட்டு வாறன்” என்று ஒருவழியாக முழுதாகச் சொல்லிமுடித்தார். யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல்கள் ஓய்ந்தன. யாரும் கைதட்ட அவசரப்படவில்லை. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலில் சன்னல்கள் அதிர்ந்தன.

மண்டபத்துக்குப் பின்னால் நின்று பிளேன்டீ குடிக்கும்போது கவிஞர், இதுவரை இந்தக் கவிதையில் தனக்குத் தெரிந்தவர்கள் மட்டும்தான் பேசியிருக்கிறார்கள் என்றார். சலவைக் கடைப் பின்னறையில் அவரோடு வாசித்த நண்பர்களில் இப்போது உயிரோடு ஒருவரும் இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார்.

பல்கலைக்கழகத் தவணை முடிந்து அவர் ஊருக்குப் போனார். புத்தகம் தபாலில் வந்தது. ஆங்கிலப் பக்கத்தின் நடுவே எங்கள் மூன்று தமிழும் இருக்கின்றன. ராத்தா அந்தப் பக்கத்தைக் கடையில் துணி எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறார்.

நாங்கள் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திகனை மேல்மாடியில் கூடுகிறோம், அவர் தொலைபேசித் திரையில் வந்துவிடுகிறார். புதிய கவிதையில் ஓரிடத்தில் தும்மல் வருகிறது. அது யாருக்கு என்று போன வாரம் பெரிய சண்டை. வைத்தியர் தும்மிக் காட்டினார். நல்ல தும்மல்தான், ஆனாலும் ராத்தாவுடையதுதான் தேர்வாயிற்று.