நூற்று அறுபத்து நாலும் மேலக்காவும்

அந்த இயந்திரப் பட்டறையில் தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர் ஒரு பெண்மணி. வயது ஐம்பத்து மூன்று. மேலே இருப்பதால் மேலக்கா. வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார், மேலக்காவின் காதில் விழாத தூரத்தில். டன் கணக்கான இரும்பை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்கி வைப்பதில் இருபத்தாறு வருஷப் பழக்கம். கீழே நின்று கையசைத்து வழி சொல்பவர் பெயர் கைகாட்டி. தாய் தந்தை வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

ரத்த அழுத்தம் ஆண்களின் பரம்பரைச் சொத்து என்பது மேலக்காவின் கொள்கை. அப்பாவுக்கு இருந்தது. அண்ணனுக்கு இருந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவருக்கு நாற்பத்தைந்து வயதில் வந்தது. அன்றைக்கே மேலக்கா அளக்கும் கருவி ஒன்று வாங்கினார். ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் கணவர் கையில் பட்டையைச் சுற்றி, அளந்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. சமையலறையில் உப்பு, அலமாரியின் மேல்தட்டில், ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. உயரம் மேலக்காவுக்கு ஒரு பொருட்டில்லை, கணவருக்கோ நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றும். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டையைத் தன் கையில் ஒரு தடவைகூட மேலக்கா சுற்றிப் பார்க்கவில்லை.

கிரேன் ஓட்ட வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரம்மாவின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். போன வருஷம் நூற்று முப்பத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் 'கவனம்' என்று கிறுக்கியிருந்தார். அதுதான் டாக்டரம்மாவின் கையெழுத்து என்று மேலக்கா நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் டாக்டரம்மா அளந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார். மறு கையிலும் அளந்தார்.

"நூத்தி அறுபத்து நாலுக்கு நூத்தி ரெண்டு."

"மிஷின் ரிப்பேருங்க."

"ரெண்டு கையிலயும் அதேதான் காட்டுது."

"எங்க வீட்டுல பிரஷர் அவருக்குத்தான் டாக்டர். ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா?"

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "மாதவிடாய் நின்னு எத்தனை வருஷம்?"

"மூணு."

"அதுவரைக்கும் உங்க உடம்புக்கு ஒரு காவல் இருந்துச்சு. இப்ப காவல்காரர் ரிட்டயர் ஆயிட்டார். சின்ன வயசுல ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம் வரும். அம்பது தாண்டினா பொம்பளைங்க எட்டிப் பிடிச்சிடுவாங்க. அறுபத்தஞ்சுக்கு மேல முந்தியே போயிடுவாங்க."

"எதுலயாவது முந்தினா சரிதான்."

"இதுல வேண்டாம்."

வயதைத் திருப்பி ஓட்ட எந்தக் கிரேனாலும் முடியாது, பழக்கத்தை மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார், தினம் நடக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் நூற்று நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் கீழே வந்தால்தான் கையெழுத்து. அதுவரை தரை வேலை.

மேலக்காவுக்கு அந்த ஆறு வாரம்தான் பிரச்சினை. ஏழாவது வாரம் பட்டறைக்கு முப்பத்தெட்டு டன் எடையில் ராட்சத லேத் ஒன்று வருகிறது. அப்படி ஒரு பாரத்தை அங்கே யாரும் தூக்கியதில்லை. இரண்டு வருஷமாக அதைத் தூக்குவதைப் பற்றியே கனவு கண்டவர் அவர். சான்றிதழ் இல்லையென்றால் இரண்டாம் ஷிப்ட் டிரைவர்தான் இறக்குவார். அவருக்கு அவசரம் என்று பெயர். அவர் கொக்கியை நகர்த்தினால், தலையில் ஹெல்மெட் இருந்தாலும் கைகாட்டி ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொள்வார்.

"உப்பே சேராத வீட்டுல உனக்கு எப்படி இது வந்துச்சு?" என்றார் கணவர். ஒன்பது வருஷம் கைதியாக இருந்தவருக்குத் திடீரென்று ஜெயிலர் பதவி கிடைத்த உற்சாகம் குரலில் தெரிந்தது.

"வயசுங்க. டாக்டரே சொல்லிட்டாங்க."

பதில் மறுநாள் பட்டறை வாசலில் கிடைத்தது. மேலக்காவின் சாமான்களைக் கூண்டிலிருந்து இறக்கிக் கொடுத்தார் கைகாட்டி. ஒரு குடை, ஒரு தலையணை, ஒரு பெரிய தகர டின். அழைத்துப் போக வந்திருந்த கணவர் டின்னைத் திறந்தார். உள்ளே சிப்ஸ், உப்புக்கடலை, உப்பு பிஸ்கட். எல்லாம் பாதிப் பாதி. பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். அவர் கடையில் கோணலாக விழுந்து வீணான ஜெராக்ஸ். அதைப் பக்கத்துச் சிப்ஸ் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தார்.

"இது போன மாசம் என் பையிலேர்ந்து நீ பிடுங்கினது."

மேலக்கா கிரேனைப் பார்த்தார்.

"பிடுங்கினதைக் குப்பையில போட்டுட்டேன்னு சொன்னியே?"

"சாப்பிடற பொருளைக் குப்பையில போடலாமாங்க?"

"ஒன்பது வருஷமா?"

"வாரத்துக்கு ரெண்டு பொட்டலம்தான்," என்றார் கைகாட்டி. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "மூணாவது இருந்தா எனக்கு ஒண்ணு கயித்துல கட்டி இறக்குவாங்க."

ஆக, குடும்பத்தின் மொத்த உப்பில் ஒரு பொடிகூட வீணாகவில்லை. கணவர் வாங்கினார், மனைவி பறிமுதல் செய்தார், சட்டத்தின் பெயரால் நாற்பதடி உயரத்தில் தின்று தீர்த்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், எட்டு மணி நேரம். கணவருக்கு இறங்கிய அளவெல்லாம் மனைவிக்கு ஏறியிருந்தது.

அடுத்த ஆறு வாரம் அந்தத் தெரு நன்றாகவே பொழுதுபோக்கியது. காலை ஐந்தரைக்கு ஜெராக்ஸ்காரர் கடிகாரத்தோடு முன்னால் போக, மேலக்கா முணுமுணுத்துக்கொண்டே பின்னால். மூன்றாம் வாரம் மேலக்கா முன்னால், ஜெராக்ஸ்காரர் மூச்சிரைத்துப் பின்னால். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து மனைவியின் கணக்கை எழுதினார் கணவர். நூற்று ஐம்பத்தாறு. நூற்று நாற்பத்தொன்பது. நான்காம் வாரம் மறுபடி நூற்று ஐம்பத்திரண்டு. முந்தின நாள் மாத்திரையை மறந்ததை மேலக்கா அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் ஒப்புக்கொண்டார். மறுநாளிலிருந்து மாத்திரையைக் கணவரே உள்ளங்கையில் வைத்து நீட்டி, விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நம்பிக்கையா?"

"டின்னைப் பார்த்தேன் இல்ல."

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டரம்மா மூன்று தடவை அளந்தார். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. கையெழுத்துப் போட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதினார். இந்தத் தடவை தெளிவாக, கொட்டை எழுத்தில்.

லேத் வந்த அன்று பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. கைகாட்டியின் இரண்டு கையும் சைகைக்குக் கிடைத்தன. பாரம் தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, அசையாமல் நின்று, மெல்ல நகர்ந்து, நாலு போல்ட்டின் மேலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது. கட்டிக்கிடந்த சங்கிலி தளர்ந்த பிறகுதான் ஆட்கள் மூச்சுவிட்டார்கள். பிறகு கைதட்டினார்கள்.

"நானா இருந்தா பத்து நிமிஷத்துல இறக்கியிருப்பேன் அக்கா," என்றார் அவசரம், மேலக்கா இறங்கி வந்ததும்.

"இறக்கியிருப்பே தம்பி. எங்கேன்னுதான் சொல்ல முடியாது."

ஹெல்மெட் மாட்டி ஓரமாக நிற்க அனுமதி வாங்கியிருந்த கணவர் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் பல். ஆனாலும் பதவியை மறக்கவில்லை.

"நாளைக்கு அஞ்சரைக்குக் கிளம்பணும்."

"நாளைக்கு ஒரு நாள் விடுங்களேன். முப்பத்தெட்டு டன்னு தூக்கியிருக்கேன்."

"கிரேன் தூக்குச்சு. நீ உக்காந்துதானே இருந்தே."