மூங்கில் தெப்பமும் ஆடிச் சோளகமும்

தொண்ணூற்றெட்டு, தை மாதம். உடையார்கட்டில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் மலையகத்தில் அட்டன் பக்கம் பிறந்தவன். கடலை அதுவரை இரண்டே தரம்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் சமுத்திர நீரோட்டம் என்றால் கரும்பலகை நிறைய அம்புக்குறி போடுவேன். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல! முல்லைத்தீவுக் கரையில் ஆளில்லாத மூங்கில் தெப்பம் ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்று மீன் வியாபாரி சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வாடைக்காற்று வழியெல்லாம் எதிர்த்துத் தள்ளியது. புதுக்குடியிருப்பில் பஞ்சர் ஒட்டப் பத்து ரூபாயும் முக்கால் மணி நேரமும் போயின. வட்டுவாகல் பாலம் தாண்டிக் கரைக்கு வர ஒன்பதரை.

தெப்பம் ஒரு சின்ன வீடு அளவு இருந்தது. மேலே கூரை, உள்ளே சாண் உயரப் புத்தர் சிலை, பலகையில் வட்டம் வட்டமாகப் பர்மா எழுத்து. நேர்த்திக்கடனாக யாரோ கடலில் விட்டது போல. மீனவர்கள் சிலைக்குப் பூ வைத்துவிட்டு, கரையில் தங்கும் வாடி கட்ட மூங்கிலை அவிழ்க்கலாமா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்பிடிச் சேர் அவ்வளவு தூரத்திலயிருந்து வந்தது?” என்று கேட்டார் யோகம் என்ற இளம்பெண்.

எனக்கு அது போதாதா? தடியால் மணலில் வங்காள விரிகுடாவை வரைந்தேன். மாரியில் ஆசிய நிலம் குளிர்ந்துவிடும். காற்று அங்கிருந்து சூடான தென்கடலை நோக்கிப் புறப்படும். பூமி சுழல்வதால் வலப்பக்கம் வளைந்து எங்களுக்கு வடகிழக்கு வாடையாக வரும். கடல்நீரையும் மேற்கே இழுத்துவரும். கோடையில் எல்லாம் தலைகீழ். தெற்கேயிருந்து கிளம்பும் காற்று பூமியின் மத்தியகோட்டைத் தாண்டி வளைந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமாகும்.

“அப்ப ஆடியில இங்கயிருந்து போனது அங்க போகுமோ?” என்றார் யோகம்.

“ஓம், போகும்! ரெண்டு மூண்டு மாதம் பிடிக்கும்.” என் வகுப்பில் இப்படிக் கேட்க ஒருவரும் இல்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்தில் நின்ற அவருடைய கணவரின் தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. “சேர், ஆடியில கடல்தொழிலுக்குப் போன அண்ணா திரும்பேல்ல. படகும் கிடைக்கேல்ல. நாளைக்கு அவருக்கு அந்தியேட்டிக் கிரியை வைச்சிருக்கிறம்.”

கூசிப்போய் நின்றேன். பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டேனே! “தங்கச்சி, தெப்பத்துக்குச் சாப்பாடு தண்ணி தேவையில்லை. ஆனா மனிசருக்கு…”

“தெரியும் சேர். ஒரு கலன் தண்ணிதான் கொண்டுபோனவர்.” யோகம் மணலில் நான் வரைந்த கோட்டையே பார்த்தார். “கடல் அவரை எங்க கொண்டுபோனதெண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினவை. நாளைக்கு எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுறது எண்டு தெரியாமல் இருந்தனான்.”

நான் வடகிழக்கைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

தெப்பம் பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி, தையில் போங்கள். எதிர்காற்றுக்கு ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கரையில் யாராவது நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டால், வாய் திறக்குமுன் ஏன் கேட்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. நம்பிக்கையை அல்ல, திசையை மட்டும் கேட்டு யோகம்தான் என்னைக் காப்பாற்றினார்.