அண்ணனுக்குத் திறக்காத கேற்

ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து என் அண்ணன் கல்யாண வீட்டு மிச்சச் சாப்பாட்டை வாளியில் கொண்டுவருவார். முகத்துவாரத்தில் நான் வளர்க்கும் பன்றிகளுக்கு அதுதான் பண்டிகை விருந்து.

அந்த வருடம் எங்கும் பன்றிகளைக் கொல்லும் காய்ச்சல். அதற்கு மருந்தில்லை, மிச்சப் பன்றி இறைச்சி மூலமும் அது பரவும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். நான் கடைத் தீனிக்கு மாறியிருந்தேன்.

நத்தாருக்கு இரண்டு வாரம் இருக்க அண்ணன் வாளியோடு வந்தார். பூட்டிய கேற்றுக்கு உள்ளே நின்றே கேட்டேன்.

"அண்ணா, வாளிக்குள்ள பண்டிக்கறி இருக்கா?"

"இருக்கும்தானே. திற."

"திறக்க மாட்டன்."

"கூடப்பிறந்தவனைவிட உனக்குப் பண்டி பெருசாப் போச்சா?"

"இண்டைக்கு ஓம்."

வாளியை வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். அள்ளி ஆழமாகப் புதைத்து, வாசலெங்கும் சுண்ணாம்பு போட்டேன். திமிர் பிடித்தவள் என்று சொந்தமெல்லாம் பேசியது. பேசட்டும்.

நோய் கண்ட பன்றி முதலில் தீனியைத்தான் வெறுக்கும். நத்தார் காலையில் பக்கத்துக் கொட்டில்கள் காய்ச்சலில் வெறுமையாகிக் கிடந்தன. என்னுடையவை பசியில் தெரு அதிரக் கத்தின. கொட்டாஞ்சேனை வரைக்கும் கேட்கட்டும் என்று, தீனியைக் கொஞ்சம் தாமதித்தே போட்டேன்.